என் மகள் பெயரில் ஒரு கிடா

1

நான் கறி சாப்பிடுவதை விட்டு இந்த மாசியோடு நாலு வருஷம் ஆகிறது. கறி மட்டும் இல்லை; மீன், முட்டை, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டாயிற்று. நான் இருக்கும் ஜெர்மனியில் இதற்கு வீகன் என்று பெயர். கள்ளக்குறிச்சிப் பக்கம் இருக்கும் என் அக்கா அஞ்சலை வைத்த பெயர் "வியாதி".

போன வாரம் கம்பெனி கேன்டீனில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என் தட்டைப் பார்த்துவிட்டு, ஏன் வீகன் ஆனீர்கள் என்று கேட்டாள். மதமா, உடம்பா, சுற்றுச்சூழலா என்று அவளே மூன்று பதிலையும் எடுத்துக் கொடுத்தாள். நான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க சூப் ஆறிப்போனது. கடைசியில் "தெரியவில்லை" என்றேன். எனக்கு ஜெர்மன் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, பாவம், மறுபடியும் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

தமிழில் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு உங்களுக்கு ஏதாவது புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

2

எனக்குச் சொந்த ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில். எங்கள் தெரு ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது என்று சொன்னால் மற்றதை நீங்களே புரிந்துகொள்வீர்கள். அப்பாவும் அம்மாவும் அக்காவும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டினார்கள். நான் படித்தேன். வீட்டில் ஒருத்தனாவது படிக்கட்டும் என்று முடிவானபோது அந்த ஒருத்தன் நானாக இருந்தேன், அவ்வளவுதான். பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் ஒரு மிஷின் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு வந்து பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

எங்கள் தெருவில் சைவம் என்று ஒரு சமாச்சாரமே கிடையாது. கறி இல்லாத நாள் என்றால் காசு இல்லாத நாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வேகும் வாசனை தெரு முழுக்க நிற்கும். அந்த வாசனையை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் எங்களைத் திட்டவும் செய்தார்கள். சாப்பிடும்போது அதெல்லாம் ஞாபகம் வராது. எலும்பைத் தட்டி உள்ளே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்ச எனக்குத் தனித்திறமை உண்டு. அக்கா தன் பங்கு எலும்பையும் என் தட்டில் போட்டுவிட்டு, "உறிஞ்சு, சத்தம் கேக்கணும்" என்பாள்.

ஆகவே நான் கறியை விட்டேன் என்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு சாப்பாட்டுச் செய்தி இல்லை. ஒருத்தன் ஜாதி மாறிவிட்டான் என்பது போன்ற செய்தி.

3

என் மகள் யாழினிக்குப் பதினோரு வயது இருக்கும்போது, நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் எங்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. பன்றி ஏற்றிய லாரி. சட்டங்களுக்கு இடையே ஒரு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் டீசல் போட்டு, காசு கட்டி, காபி வாங்கிக்கொண்டு திரும்பும்வரை இவள் அந்த மூக்குக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அன்று இரவு தட்டில் இருந்த கோழியை ஓரமாகத் தள்ளிவைத்தாள். அப்புறம் முட்டை போனது, அப்புறம் பால் போனது. "ஒரு மாசம் தாங்காது" என்றாள் என் மனைவி மலர்க்கொடி. மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன.

அந்த நாட்களில் யாழினி என்னிடமிருந்து நழுவிக்கொண்டிருந்தாள். சண்டை, கோபம் ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்தது, அவ்வளவுதான். அவள் பேசும் ஜெர்மனின் வேகத்துக்கு என்னால் ஓட முடியாது. அவளுடைய தமிழோ, "பசிக்குது", "தூக்கம் வருது", "அப்பா, வைஃபை வரல" என்ற அளவில் நின்றுபோன தமிழ். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல அதில் இடமில்லை. சொல்ல ஆரம்பிப்பாள், வார்த்தை கிடைக்காமல் "ஒண்ணும் இல்லப்பா" என்று முடித்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை அவள் தனியாக அடுப்படியில் கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தாள். உப்புகூடப் போடவில்லை. நான் பக்கத்தில் போய் நின்று, "தாளிச்சா நல்லா இருக்கும்" என்றேன். அவள் திரும்பி, "தாளிக்கறதுன்னா எப்படி?" என்று கேட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட கேள்வி அது. கடுகு வெடிக்கும்வரை காத்திருக்கக் கற்றுக்கொடுத்தேன். எண்ணெய் தெறித்ததில் இரண்டு பேரும் பின்னால் குதித்துச் சிரித்தோம்.

மறுநாளிலிருந்து நானும் அவள் கட்சி. பன்றிக்காகவும் இல்லை, பூமிக்காகவும் இல்லை, அந்த ஒரு கேள்விக்காக. இவள் பெரியவளாகி வீட்டை விட்டுப் போகும்வரைதானே, அதற்குப் பிறகு கறிக்குழம்புக்குத் திரும்பிவிடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். மலர்க்கொடி மட்டும் எதையும் விடவில்லை. தன் மீனைத் தனிச் சட்டியில் வறுத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் சாமியாருங்க, நான் ஒருத்திதான் மனுஷி" என்பாள்.

4

கறியை விடுவது சுலபம். விட்டதை மற்றவர்களுக்கு விளக்குவதுதான் பெரும் பாடு.

பள்ளிக்கூடச் சாப்பாட்டைக் கவனிக்கும் அலுவலகத்தில், யாழினிக்கு ஏன் தனிச் சாப்பாடு என்று கேட்டார்கள். உடம்புக்கு ஆகாது என்றால் டாக்டர் சான்றிதழ் வேண்டும். மதக் காரணம் என்றால் வாய் வார்த்தையே போதும். கொள்கை என்றால் என்ன வேண்டும் என்று அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்ல மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரம் பிள்ளை பட்டினி கிடப்பதா? "மதம்" என்று சொல்லிவிட்டேன். அவர் மரியாதையோடு தலையசைத்துப் பதிந்துகொண்டார். எங்கள் மதத்து முனியப்பன் கையில் அரிவாளோடு கிடாவுக்குக் காத்துக்கொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு நாள் கூட வேலை செய்பவர் வீட்டுப் பிறந்தநாளில், எனக்குக் கறி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, "நான் கறி இல்லை" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அடுப்பில் தொத்திறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நல்லவேளை" என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தமிழ்ச் சங்கப் பொங்கல்தான் அப்படி இல்லை. அங்கே ஒருவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "நீங்களும் சைவமா? பார்த்தப்பவே நெனச்சேன் சார்" என்று தோளில் கை போட்டார். அதற்கு முன்னால் ஏழெட்டுப் பொங்கலில் அவர் எனக்கு வணக்கம்கூடச் சொன்னதில்லை. வீட்டில் பூஜை வைத்திருக்கிறோம், குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "தியாகதுருகம் பக்கம். நாங்க மாட்டுக்கறி சாப்பிடற ஆளுங்க சார். நான்தான் இப்ப விட்டிருக்கேன்" என்றேன். கை தோளிலிருந்து இறங்கிவிட்டது. பனி இந்த வருஷம் கொஞ்சம் கம்மி என்று பேச ஆரம்பித்தார். பூஜைக்கு நாளும் நேரமும் வரவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்கு வெறியோடு கறி சாப்பிடவேண்டும் போல இருந்தது. ஃபிரிட்ஜில் மலர்க்கொடி வைத்த கோழிக்குழம்பு இருந்தது. எடுத்து மூடியைத் திறந்து பார்த்தேன். அப்புறம் மூடி வைத்துவிட்டேன். ஏன் மூடினேன் என்று அப்போதும் தெரியவில்லை.

5

யாழினிக்கு ஐந்து வயதில் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது காய்ச்சல் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போவதாகச் சொன்னார்கள். நானும் மலர்க்கொடியும் கட்டிலை விட்டு நகரவில்லை. அக்கா யாரிடமும் சொல்லாமல் கோமுகி அணைக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலசாமி முனியப்பனிடம் போய், பிள்ளை பிழைத்தால் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டு வந்தாள். பிள்ளை பிழைத்தாள். அந்த டாக்டருக்கும் நன்றி, முனியப்பனுக்கும் நன்றி. யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

அப்புறம் அம்மா செத்துப்போனாள், அப்பா போனார், கொரோனா வந்தது, மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, கால் உடைந்தது. நேர்த்தி தள்ளித் தள்ளிப் போனது. கடைசியாக அக்கா கல்வராயன் மலைமேல் போய் ஒரு கறுப்புக் குட்டியை வாங்கிவந்து, யாழினி பேர் சொல்லி வளர்க்க ஆரம்பித்தாள். வீடியோ காலில் கேமராவைக் கிடா முகத்துக்கு நேரே பிடித்து, "பாரு யாழு, இதான் உன் கிடா!" என்பாள்.

முதல் தடவையே நான் யாழினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.  அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடியோ காலிலும் அவள் அந்தக் கிடாவைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். குட்டி கொம்பு முளைத்துப் பெரிதாவதை இரண்டு பேரும் போனில் பார்த்தோம்.

போன ஆடிக்கு முன்னால் அக்கா கூப்பிட்டாள்.

"இந்த ஆடியில முடிச்சிடணும்டா தம்பி. கிடாவுக்கு வயசு ஏறிக்கினே போவுது. எனக்கும்தான் ஏறுது."

"அக்கா, இவ கறி துன்றதில்ல. தெரியுமில்ல?"

"அவ துன்னலன்னா சாமி துன்னும். நீ டிக்கெட்ட போடு."

மலர்க்கொடிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போய் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். யாழினி கதவைத் திறந்துகொண்டு வந்து, "நானும் வரேன்" என்றாள்.

"அங்க என்ன நடக்கும்னு தெரியும்ல?"

"தெரியும். என் பேர்ல நடக்குது. நான் இங்க உக்காந்துட்டு இருக்க முடியாது."

தடுக்கப் போகிறாளா, பார்க்கப் போகிறாளா, சண்டை போடப் போகிறாளா? கேட்டதற்கு, "தெரியலப்பா" என்றாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊரில் எனக்கு என்று இருப்பது அக்கா ஒருத்தி. இங்கே மகள் என்னோடு பேசுவதே இரண்டு பேரும் சேர்ந்து சமைக்கும் அந்தச் சாப்பாட்டால்தான். கிடா வெட்டும் நாளில் இந்த இரண்டு பேரில் ஒருத்தியை நான் இழக்கத்தான் போகிறேன் என்று நம்பினேன். யாரை என்பதுதான் தெரியவில்லை.

6

உளுந்தூர்பேட்டை தாண்டி எலவனாசூர்கோட்டை வரும்போதே யாழினி கார் கண்ணாடியை இறக்கிவிட்டாள். அக்கா வீடு கச்சிராயபாளையம் போகிற வழியில். வாசலிலேயே அந்தக் கறுப்புக் கிடா கட்டியிருந்தது. போனில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு இருந்தது. யாழினி முதலில் அத்தையைக் கட்டிக்கொண்டாள், அப்புறம் கிடாவிடம் போய் உட்கார்ந்தாள். அது அவள் சட்டைப் பொத்தானை நக்கியது.

அக்கா வரவேற்புக்கு மலைத்தேன் வாங்கி வைத்திருந்தாள்.

"தேன் சாப்பிட மாட்டேன் அத்தை" என்றாள் யாழினி.

"தேனு இன்னா பண்ணுச்சு? அதுல ரத்தமா இருக்குது?"

"அது தேனீயோட சாப்பாடு."

அக்கா என்னைப் பார்த்தாள். "மோரு?"

"கூடாதுக்கா" என்றேன்.

"நீயும் குடிக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"ஜெர்மனில இன்னாதான்டா குடுக்கறாங்க உங்களுக்கு, புல்லா?" என்று சொல்லிவிட்டு, தேன் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தாள். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குச் சாமைச் சோறும் கத்திரிக்காய் போட்ட புளிக்குழம்பும் வைத்தாள். யாழினி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதில் அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது.

சாப்பிட்டு முடித்ததும் யாழினி ஆரம்பித்தாள். அவள் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"அத்தை, ஆட்டுக்குப் பதிலா பூசணிக்காய் உடைக்கலாம்னு படிச்சேன். நிறைய கோயில்ல அப்படிச் செய்யறாங்களாம். சாமி ஒத்துக்குமாம்."

அக்கா கோபப்படவில்லை. யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஆஸ்பத்திரில கண்ணு தொறக்காம படுத்துக்கினு இருந்தியே, அப்ப நான் பூசணிக்கான்னு வேண்டிக்கலியேம்மா. கிடான்னுதானே வாய் வுட்டுச் சொன்னேன். அவரு அப்பவே குடுத்துட்டாரு. இப்பப் போயி மாத்திக்கினா, நான் இன்னா மனுஷி?"

  இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் என் தொல்லையே. யாராவது ஒருத்தி அநியாயமாகப் பேசியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

7

வெட்டுக்கு முன்னால் கிடாவிடம் சம்மதம் கேட்கவேண்டும். இது எங்கள் பக்கத்து வழக்கம். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள்.

முனியப்பன் கோயிலில் பூசாரி தெளித்தார். கிடா சும்மா நின்றது. மறுபடி தெளித்தார். அது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மாலையில் இருந்த வேப்பிலையைத் தின்ன ஆரம்பித்தது. பங்காளிகள் முப்பது நாற்பது பேர் வெயிலில் சுற்றி நின்றிருந்தோம். ஒரு பக்கம் கல்லடுப்பு மூட்டி உலை வைத்தாகிவிட்டது.

"வூட்டுல இன்னாவோ குறை இருக்குது. சாமி மூஞ்சத் திருப்பிக்கினு இருக்காரு" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பங்காளி வீட்டுப் பையன் கறியை விட்டுவிட்டான் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமா என் காதோரம் வந்து, "மச்சான், சொம்மா போயி ஒரு வார்த்த வேண்டிக்கினு வந்துடு. நேரமாவுது" என்றார்.

போய் நின்றேன். முனியப்பன் அரிவாளோடும் முறுக்கு மீசையோடும் என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டுவது? சீக்கிரம் சிலுப்பட்டும் என்றா, சிலுப்பவே வேண்டாம் என்றா? அக்காவை நினைத்து முதலாவதை வேண்டினேன். மகளை நினைத்து இரண்டாவதை வேண்டினேன். அவரும் என்னைப் போலவே குழம்பியிருப்பார்.

நான் திரும்பும்போது யாழினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தேன். சிலுப்புகிற விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்கே அது அங்கே போய்த்தான் ஞாபகம் வந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு ஆடு நிற்கிறது, யாரும் அதற்குக் குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை என்பதுதான். கையில் இருந்த பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றிக் குடிக்க வைத்தாள். அது கொஞ்சம் குடித்தது. மிச்சத்தைச் சூடு தணியட்டும் என்று கொம்புக்கு நடுவே மெதுவாக ஊற்றிவிட்டாள். தண்ணீர் காதுக்குள் இறங்கியிருக்கவேண்டும்.

கிடா தலையிலிருந்து வால்வரை ஒரே உதறாக உதறியது.

பெண்கள் குலவையிட்டார்கள். "பேர்காரி கையால கேட்டதும் உத்தரவு குடுத்துட்டாரு பாரு!" என்று யாரோ கத்தினார்கள். பம்பை மேளம் முழங்க ஆரம்பித்தது. எல்லோரும் தன்னைப் பார்த்துக் கும்பிடுவதைக் கண்டு யாழினி திகைத்துப்போய் என்னைத் தேடினாள். நான் அவளிடம் போய்ச் சேர்ந்து தோளைப் பிடித்து இழுக்கவும் அரிவாள் இறங்கவும் சரியாக இருந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

"ஏம்ப்பா எல்லாரும் கத்தினாங்க? நான் தண்ணிதானே குடுத்தேன்?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. வழக்கத்தை விளக்கினேன். அவள் காலியான பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இனி இந்தப் பிள்ளை என்னோடு பேசமாட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

8

புளியமரத்து நிழலில் அக்கா பூண்டு உரித்துக்கொண்டு அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல், தோள் குலுங்க அழுதாள். "நான் எங்க போனாலும் பின்னாலயே வந்துக்கினு இருக்கும்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். யாழினி தூரத்திலிருந்து அதைப் பார்த்தாள்.

"அத்தை அழறாங்க."

"மூணு வருஷம் வளர்த்தவம்மா."

"அப்புறம் ஏன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். எழுந்து போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். 

எங்கள் முனியப்பன் கோயில் கறியை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. அங்கேயே ஆக்கி அங்கேயே சாப்பிட்டு முடிக்கவேண்டும். யார் பேருக்கு நேர்ந்ததோ அவர்கள் முதல் வாய் வைத்தபிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைக்கலாம். ஈரலில் ஒரு துண்டை முதலில் அவர்களுக்கு வைப்பார்கள். இது எனக்கு முன்பே தெரியும். அதனால் பூசாரியிடம் போய் மெதுவாக விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தேன். நல்ல மனுஷன். "கைய வெச்சி எடுத்தா போதும்ப்பா. கொழந்தைய ஏன் கட்டாயப்படுத்தற?" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிக்கும் ஒரு வழி வைத்திருந்தேன்: அக்காவுக்காக அன்று நான் சாப்பிட்டுவிடுவது. விட்டது மகளுக்காகத்தானே, எடுப்பது அக்காவுக்காக இருக்கட்டும். அவ்வளவு சுலபமாகத்தான் நினைத்திருந்தேன்.

வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தார்கள். யாழினி இலையில் சோறு வைத்து ஈரலை வைத்தார்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"கைய மட்டும் வெச்சிட்டு எடுத்துடும்மா, போதும்" என்றார் பூசாரி.

யாழினி கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"நான்தான் தண்ணி ஊத்தினேன்" என்றாள், நிதானமான தமிழில். அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

வெகுநேரம் மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மோவாயில் நின்றது. துடைக்காமல் மென்று, விழுங்கி, பக்கத்தில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். அக்கா எழுந்துவந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பங்காளிகள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அக்கா என் இலைக்கு வந்தாள். நல்ல எலும்பாகப் பார்த்து, மஜ்ஜை இருக்கும் எலும்பாகப் பார்த்து இரண்டு வைத்தாள். மிளகும் சோம்பும் கலந்த வாசனை. வாயில் எச்சில் ஊறியது. அதை ஏன் மறைக்கவேண்டும்? அருவருப்பு ஒன்றும் இல்லை. கொள்கை என்று எனக்கு என்றைக்குமே ஒன்று இருந்ததில்லை. எடுத்து வாயில் வைக்கவேண்டியதுதான் பாக்கி. கை மட்டும் வரவில்லை. எலும்பைத் தொட்டேன். விரல் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றரை வருஷத்தில் என் உடம்பு எனக்குத் தெரியாமல் ஏதோ முடிவு எடுத்து வைத்திருக்கிறது. அதை எனக்குச் சொல்ல அதற்கு வேறு நாள் கிடைக்கவில்லை.

"இன்னாடா?" என்றாள் அக்கா.

"முடியலக்கா."

"அவளே துன்னுட்டா. உனக்கு இன்னா?"

"தெரியலக்கா. நெஜமாத்தான் சொல்றேன். தெரியல."

அக்கா என் எதிரே உட்கார்ந்தாள். என் இலையிலிருந்து அந்த எலும்புகளை எடுத்தாள். ஒன்றைத் தட்டி, சத்தமில்லாமல் உறிஞ்சினாள். வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றி என் பக்கம் தள்ளினாள்.

"பொண்ணு நம்ம வூட்டுப் பொண்ணுதான்" என்றாள். "நீ இன்னாவா ஆயிட்டன்னுதான்டா எனக்குப் புரியல."

9

திரும்பி வந்ததும் யாழினி பழையபடி வீகன்தான். அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. "அது அது, இது இது" என்கிறாள். என்னோடு முன்பைவிட அதிகமாகப் பேசுகிறாள். அத்தைக்கு அவளே போன் போடுகிறாள். மலர்க்கொடி என்னைப் பார்த்து, "எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சுது, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்கிறாள்.

அக்கா போனை எடுத்ததும் முதலில் கேட்பது என்றைக்கும் ஒரே கேள்விதான்: "இன்னா கொழம்பு?" சௌக்கியமா, உடம்பு எப்படி, வேலை எப்படி எல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து, அம்மா செத்த மறுவாரம்கூட, அவள் அதைக் கேட்காமல் பேச்சை ஆரம்பித்ததில்லை. கறியை விட்டபிறகும் கேட்டாள், பருப்பு என்றால் திட்டிக்கொண்டே கேட்டாள். ஊரிலிருந்து வந்தபிறகு என்னிடம் அதைக் கேட்பதில்லை. கோபமாக இல்லை. மரியாதையாக, "நல்லா இருக்கியாப்பா?" என்று ஆரம்பிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் நானே சொன்னேன்.

"அக்கா, இன்னிக்குப் புளிக்கொழம்பு. கத்திரிக்கா போட்டு, நீ வெச்ச மாதிரியே வெச்சேன்."



"யாழு துன்னாளா?"

"துன்னா."

"சரிப்பா" என்றாள். "போன அவகிட்ட குடு."